தண்ணீரும் பருவக்காற்றும்

தினமும் குடித்துக் குளிக்கும் தண்ணீரைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று நம்மில் சிலர் கேட்கலாம். நம் முன்னோரின் பாய்க்கப்பல்களை இக்கரைக்குக் கொண்டுவந்தது பருவக்காற்று. அந்தக் காற்றை உண்டாக்குவதில் தண்ணீரின் ஒரு குணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகையால் வர்த்தகர்களாகிய நாம் அதை அறிந்திருத்தல் நலம்.

பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு நீர். உஷ்ணத்தை மிகுதியாக உட்கொண்டும் மெதுவாகவே சூடேறுவது அதன் விசேஷ குணம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி உஷ்ணம் வேண்டும். அதே எடையுள்ள உலர்ந்த மணலுக்கு ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். நண்பகலில் கடற்கரை மணல் காலைச் சுடும்போது அலைநீர் குளிர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். இரவிலோ மணல் விரைவில் ஆறிவிடும். கடல் அவ்வளவு எளிதில் ஆறாது.

இதையே பெரிய அளவில் எண்ணிப் பாருங்கள். கோடையில் ஆசியாவின் பெருநிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று ஈரத்துடன் வருகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. குளிர்காலத்தில் நிலம் முந்திக் குளிர்ந்துவிடும். கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது.

அரபு மொழியில் பருவத்துக்கு 'மவ்ஸிம்' என்று பெயர். மலாயில் நாம் அன்றாடம் கேட்கும் 'மூசிம்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. நாகப்பட்டினம், நாகூர் முதலிய துறைகளிலிருந்து நம்மவர் துணிமணிகளை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும், 1786க்குப் பின் பினாங்குக்கும் வந்தனர். சரக்கை விற்று, திரும்பும் காற்றுக்குக் காத்திருந்து ஊர் போய்ச் சேர்ந்தனர்.

தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு கிராம் நீர் நம் நாட்டு வெப்பத்தில் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி உஷ்ணம் செலவாகிறது. அந்த உஷ்ணம் ஆவியோடு மறைந்து சென்று, மேகம் திரளும்போது வெளிப்படுகிறது. கடல் வரவு வைத்ததை மேகம் பட்டுவாடா செய்கிறது எனலாம். பெருமழைக்கும் புயலுக்கும் பலம் தருவது இதுவே.

இக்காலத்தில் பூமி சூடேறி வருகிறது. இவ்வாறு சேரும் உஷ்ணத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது ஏற்காவிடில் நிலத்தின் வெப்பம் நம்மால் தாங்கக்கூடியதாக இராது. ஆனால் இக்கடனுக்கு வட்டியும் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு கூடுகிறது. அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

வெள்ளம் வந்தால் வியாபாரியின் நிலை என்னவாகும் என்பதை 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலமிலும் கண்டோம். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த சரக்கு ஓர் இரவில் சேறாகிப் போவது சிறிய நஷ்டமன்று.

ஆதலால் வடகிழக்குப் பருவம் தொடங்கும் நவம்பருக்கு முன்பே சில காரியங்களைச் செய்துகொள்வது புத்திசாலித்தனம். அரிசி, மிளகாய், துணி ஆகியவற்றைத் தரையில் அடுக்காமல் உயரமான பலகைகளின் மேல் வையுங்கள். கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் மேல்மாடிக்கு மாற்றுங்கள். கடையின் தீ இன்சூரன்ஸில் வெள்ளச் சேதமும் சேர்ந்துள்ளதா என்று விசாரியுங்கள்; பெரும்பாலும் அதைத் தனியே கேட்டு, கூடுதல் பணம் கட்டியே சேர்க்க வேண்டியிருக்கும். கடைக்கு எதிரேயுள்ள கால்வாயில் குப்பை அடையாமல் அண்டைக் கடைக்காரரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றின் பருவமறிந்து கப்பல் செலுத்தியவர்கள் நம் முன்னோர். மழையின் பருவமறிந்து கடை நடத்துவது நம் கடமையாகும்.