மசோதா எப்படிச் சட்டமாகிறது? நாம் பேச வேண்டிய நேரம் எது?

கடை வாசலில் அதிகாரி வந்து நின்ற பிறகுதான் "இப்படியும் ஒரு சட்டமா?" என்று கேட்கிறோம். ஆனால் டில்லியில் எந்தச் சட்டமும் ஒரே நாளில் பிறந்துவிடுவதில்லை. மளிகை வணிகர் அனைவருக்கும் தொடர்புடைய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தையே உதாரணமாகப் பார்ப்போம்.

துறை அமைச்சகம் தயாரிக்கும் வரைவு, அமைச்சரவை ஒப்புதலுடன் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அப்போது அதற்கு மசோதா என்று பெயர். உணவு மசோதா 2005-இல் மக்களவையில் அறிமுகமானது. இது முதல் வாசிப்பு. அடுத்து நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. எல்லா மசோதாக்களும் குழுவுக்குப் போவதில்லை. போனால், குழு பல சமயம் சங்கங்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கும். இரண்டாம் வாசிப்பில் விவாதம் நடந்து, ஷரத்து ஷரத்தாக முடிவெடுக்கப்படும். மூன்றாம் வாசிப்பில் முழு மசோதாவும் ஓட்டெடுப்புக்கு வரும். மாநிலங்களவையிலும் இப்படியே நிறைவேற வேண்டும். பிறகு 2006 ஆகஸ்ட் 23-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து, மசோதா சட்டமானது.

வரி போன்றவை குறித்த பண மசோதா மட்டும் வேறு வகை. மாநிலங்களவை அதை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதன் பரிந்துரையை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். 2017-இல் மத்திய ஜி.எஸ்.டி. மசோதா இவ்வழியில்தான் நிறைவேறியது.

சட்டம் வந்ததோடு கதை முடிந்ததா? இல்லை. உணவுச் சட்டம் சிறு கடைகளை உண்மையில் தொட்டது 2011 ஆகஸ்ட் 5-இல், ஒழுங்குமுறைகள் அமலுக்கு வந்தபோதுதான். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று அன்று விதித்த வரம்பு சட்டத்தில் இல்லை, ஒழுங்குமுறையில் எழுதப்பட்டது. அதை எழுதுவது நாடாளுமன்றம் அல்ல, சட்டம் அமைத்த ஆணையம். ஆனால் வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் இறுதி செய்யலாம் என்கிறது சட்டத்தின் 92-வது பிரிவு.

ஆக, நம் குரல் நுழைய மூன்று வாசல்கள் உண்டு: அமைச்சகம் வரைவு எழுதும்போது, நிலைக்குழு ஆராயும்போது, ஒழுங்குமுறை வரைவு வெளியாகும்போது. மூன்றாவதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

"வணிகர் நலன் காக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. எந்த ஷரத்து, கடையில் அதனால் வரும் சிரமம், கூடும் செலவு, மாற்றாக வேண்டிய வாசகம் — இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, கெடு தேதிக்குள் சங்கத்தின் மூலம் அனுப்புங்கள். நகலைத் தொகுதி எம்.பி.க்கும் கொடுங்கள்.

கடையடைப்பு ஒரு நாள் செய்தி. காலத்தில் போய்ச் சேர்ந்த மனு கோப்பில் நிற்கும்.