வரித்துறைக் கடிதமும் கட்டணமில்லா ஆலோசனையும்

வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வந்தால், நம் வாடிக்கையாளர் பலர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகின்றனர். ஆடிட்டர் என்பவர் பெருவணிகருக்கே உரியவர் என்னும் எண்ணமும் இதற்கு ஒரு காரணம். ஆனால், 1949 ஜூலை 1 அன்று தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கிளைகளில், அந்நாளையொட்டிக் கட்டணமில்லா வரி ஆலோசனை முகாம்கள் நடப்பதுண்டு.

அங்கு என்ன கிடைக்கும்? எழுபது வயதான ஒருவருக்கு 2025–26 நிதியாண்டில் ஓய்வூதியம் ரூ.2,40,000, வைப்புத்தொகை வட்டி ரூ.1,20,000 எனக் கொள்வோம். மூத்த குடிமக்களுக்குரிய ரூ.1,00,000 வரம்பை வட்டி கடந்ததால், வங்கி 10 விழுக்காடாகிய ரூ.12,000-ஐப் பிடித்துச் செலுத்திவிடும். வட்டி குறித்து வரித்துறையின் குறுஞ்செய்தி வந்ததும் அவர் அஞ்சுகிறார். கணக்காளரோ 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்து, மொத்த வருமானம் ரூ.3,60,000 மட்டுமே, புதிய முறையில் ரூ.4,00,000 வரை வரியில்லை என விளக்குகிறார். அவர் கட்ட வேண்டியது ஏதுமில்லை, அவருக்கே ரூ.12,000 வரவேண்டியுள்ளது! வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். 15எச் படிவத்தை முன்பே தந்திருந்தால் பிடித்தமே நேர்ந்திராது. அதை நினைவூட்டத் தவறுவது வங்கியாளராகிய நம் குறையும் ஆகும்.

முகாமுக்குச் செல்வோர் பான் அட்டை, வட்டிச் சான்றிதழ், வந்த கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்க. 2019 அக்டோபர் 1 முதல் வரித்துறைக் கடிதங்களில் ஆவண அடையாள எண் இடம்பெறுகிறது; அதைத் துறையின் இணையதளத்தில் முதலில் சரிபார்த்துக்கொள்க. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் உதவ வந்தவரிடமும் சொல்லாமல், தாமே உள்ளிடுக.