வாசலில் தொடங்கும் பாடம்

நம் பிள்ளைகளில் பலர் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் புதியவர் ஒருவர் வாசலுக்கு வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து கொள்கிறார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது சிறிய குறை அன்று. தமிழில் பேசுவதா, மலையாளத்தில் பேசுவதா என்ற தயக்கமும் நம் பிள்ளைகளுக்கு உண்டு.

இதற்கான பாடம் நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் இங்கு வந்தார். சிகாகோ சொற்பொழிவுக்கு முந்தைய காலம்; அவரை அறிந்தவர் சிலரே. பேராசிரியர் சுந்தரராம ஐயர் வீட்டில் தங்கினார். அவருடைய மகன் ராமசாமிக்கு அப்போது பதினான்கு வயது. அந்த மகன், பிற்காலத்தில் நீதிபதியான கே. எஸ். ராமசாமி சாஸ்திரி, தம் நினைவுக் குறிப்பில் அந்நாளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வந்தவர் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு பையன் மாடிக்கு ஓடினான். மகாராஜா ஒருவர் வந்து கீழே காத்திருக்கிறார் என்று அப்பாவிடம் சொன்னான். நம் போன்றவர் வீட்டுக்கு மகாராஜா வருவாரா என்று அவர் சிரித்தார். பையன் பின்வாங்கவில்லை, நீங்களே வந்து பாருங்கள் என்றான். தந்தை இறங்கி வந்தார். நெடுநேரம் பேசிய பிறகு மகனிடம், இவர் மகாராஜாதான், ஆனால் ஆன்ம உலகத்துக்கு என்றாராம். சிரித்தாலும் பையனின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தாரே, அதுதான் பிள்ளைக்குத் தைரியம் தருவது.

சுந்தரராம ஐயரும் ஒரு செய்தி எழுதியுள்ளார். இரண்டு நாட்களாகப் பாலைத் தவிர அதிகம் எதுவும் உண்ணாத சுவாமி, தம்முடன் வந்த முஸ்லிம் சேவகருக்கு முதலில் உணவளிக்கச் சொன்னாராம். தன்னை மறந்து எதிரில் இருப்பவரை நினைக்கும்போது கூச்சத்துக்கு இடமில்லை.

பெற்றோர் செய்யக்கூடியவை:

1. விருந்தினர் வந்தால் கதவைப் பிள்ளையே திறக்கட்டும். "வாங்க, உட்காருங்க, அப்பாவைக் கூப்பிடறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். மலையாளத்திலும் அப்படியே.

2. தண்ணீர் கொண்டு வருவது போன்ற ஒரு வேலை கொடுங்கள். கையில் வேலை இருந்தால் கூச்சம் குறையும்.

3. "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று வற்புறுத்த வேண்டாம். "எந்த ஊர்லேருந்து வர்றீங்க?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

4. "இவன் பயந்தாங்கொள்ளி" என்று பிறர் முன் ஒருபோதும் சொல்லாதீர்கள். பிள்ளை அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டு விடும்.

ரயில்வேயில் நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். சரக்கு வண்டியை நகர்த்தும்போது, பெட்டிகளுக்கு இடையிலுள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகும்வரை ஓட்டுநர் மெதுவாகவே இழுப்பார். ஒரேயடியாக இழுத்தால் இணைப்பு அறுந்துவிடும். கூச்சமுள்ள பிள்ளையையும் அப்படித்தான் மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தால், நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.