வேறு கேப்ஸ்யூல் போட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஒரே நிமிடத்தில் ஒரு கப் காபி கிடைக்கும் என்பதற்காக, கேப்ஸ்யூல் போடும் காபி மெஷின் ஒன்றை ஆன்லைனில் 14,500 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு ஆண்டு வாரண்டி. கம்பெனி கேப்ஸ்யூல் விலை கட்டுப்படியாகாததால், அதில் பொருந்தும் வேறு கம்பெனி கேப்ஸ்யூலைப் போட்டு வந்தோம். ஒன்பதாம் மாதம் பம்ப் வேலை செய்யவில்லை. ‘எங்கள் கேப்ஸ்யூல் அல்லாததைப் போட்டதால் வாரண்டி செல்லாது’ என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக முடியும். வேறு கேப்ஸ்யூல் போட்டீர்கள் என்பது ஒரு செய்தி; அதனால்தான் பம்ப் கெட்டது என்பது வேறொரு செய்தி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நிரூபித்ததாகக் கம்பெனி காட்டிக்கொள்ள முடியாது. இத்தகைய மெஷின்களில் பம்ப் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்து, சூடேற்றும் பகுதி வழியாகக் கேப்ஸ்யூலுக்குள் தள்ளுகிறது. காபித்தூள் வருவது பம்புக்குப் பிறகுதான். மட்டமான கேப்ஸ்யூல் அடைத்துக்கொண்டு பம்புக்குச் சுமை ஏற்றலாம் என்பது உண்மையே. ஆனால் உப்புப் படிவாலும், உற்பத்திக் குறையாலும் பம்ப் நிற்கலாம். எது காரணம் என்று மெஷினைத் திறந்து பார்க்காமலேயே பழுதுபார்க்க மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு என்பது என் கருத்து.

‘நிபந்தனையை ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்’ என்பார்கள். வாரண்டி விவரத்தை வாங்குமுன் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தில் இந்த நிபந்தனை இல்லாமல், பெட்டிக்குள் இருந்த கையேட்டில் மட்டும் இருந்தால் அவர்கள் வாதம் அங்கேயே தளரும். முன்கூட்டியே காட்டியிருந்தாலும், பழுதுக்குத் தொடர்பில்லாத நிபந்தனையைச் சொல்லி வாரண்டியை முழுவதுமாகப் பறிப்பது நியாயமா என்ற கேள்வி நிற்கும். இது நம் ஊரில் மட்டும் எழுந்த கேள்வி அல்ல. பிரான்சில் போட்டி ஆணையத்தின் விசாரணையை அடுத்து, பிற நிறுவனக் கேப்ஸ்யூலைப் பயன்படுத்தினாலும் வாரண்டியைக் காப்பதாக நெஸ்பிரெஸ்ஸோ 2014இல் உறுதியளித்தது. குறிப்பிட்ட பிராண்டு பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதை, சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம் தடுக்கிறது. இவை நம் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் உங்கள் வாதம் விபரீதமானதல்ல என்று காட்ட உதவும்.

‘குறை இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்’ என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். சட்டப்படி அது சரியும்கூட. அதற்கு வழி பிரிவு 38(2)(சி): பரிசோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். எனவே மெஷினை வெளியில் கொடுத்துப் பிரிக்காதீர்கள். வாரண்டி மறுக்கப்பட்ட காரணத்தைச் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். உப்புப் படிவை நீக்கச் சொல்லும் விளக்கு எரிந்தபோது அதைச் செய்தீர்களா என்பதே அவர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கான பொடியோ திரவமோ வாங்கிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

‘இந்த ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று கோரினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். 14,500 ரூபாய்க்கு அது வீண் அலைச்சல். சேவைக் குறைபாடு, பொருளின் குறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் திருச்சி மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குப் போடப் பிரிவு 34 இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. அதற்குமுன், வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஏற்பும் ஒரு மாதத்தில் தீர்வும் தருவது அவர் கடமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள். பலன் இல்லையென்றால், இலவசப் பழுதுநீக்கம் அல்லது மாற்று மெஷின், இரண்டும் முடியாவிட்டால் பணம் திரும்ப என்ற வரிசையில் கேளுங்கள். மெஷின் வீட்டில்தான் இருந்தது என்பதையும் மனுவில் எழுதுங்கள். கடையில் வைத்துக் காபி விற்றதாக அவர்கள் சொன்னால், நீங்கள் நுகர்வோரே அல்ல என்ற வாதம் முதல் நாளே கிளம்பும்.