இலண்டன் முதல் வெனிஸ் வரை

ஐரோப்பாவின் நகரங்களைத் தனியே சுற்றிப் பார்க்கப் புறப்படும் ஒருவருக்கு இரயிலைப் போன்ற துணை வேறில்லை. வானூர்தி அவரை ஊருக்குப் புறத்தே இறக்கிவிடும். இரயிலோ ஊரின் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்தும். பேசுவதற்கு ஆள் இல்லையே என்ற குறை முதல் நாள் வருத்தும். பின்னர், விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம் என்னும் உரிமை அக்குறையை மறக்கச் செய்யும். அவ்வாறு கையில் ஒரு பெட்டியும் கால அட்டவணையுமாகப் புறப்பட்ட ஒரு பயணி சென்ற வழி இது.

இலண்டனில் அவர் வண்டி ஏறும் இடம் செயின்ட் பான்கிராஸ் நிலையம். 1868-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் இரும்புக் கூரை, இடையில் தூண் ஒன்றும் இன்றி, 73 மீட்டர் அகலத்தை ஒரே வளைவாகக் கடந்து நிற்கிறது. தண்டவாளங்கள் தெருவின் மட்டத்திற்கு மேலே உயர்ந்துள்ளன. அவற்றின் அடியில் அந்நாளில் மதுப் பீப்பாய்களை அடுக்கி வைத்தனர். கீழ்த்தளத் தூண்களின் இடைவெளியைப் பீப்பாயின் அளவைக் கொண்டே வகுத்தனராம்! கூரையின் பெருமிதத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். பீப்பாயை நினைப்போர் சிலரே.

வண்டி சிறிது நேரத்தில் கடலடிச் சுரங்கத்துள் நுழைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்கிறது. இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் தோண்டி வந்த தொழிலாளர்கள் 1990 டிசம்பர் முதல் நாள் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கினர். 1994-இல் சுரங்கம் திறக்கப்பட்டது. தலைக்கு மேல் கடல் இருக்கிறது என்னும் வியப்போடு பயணி பலகணியை நோக்குகிறார். இருட்டில் அவர் முகமே அவருக்குத் தெரிகிறது!

பாரிஸ் நகரில் அவர் ஈபெல் கோபுரத்தையும் லூவர் கலைக்கூடத்தையும் காண்கிறார். அவற்றைக் காணாமல் திரும்புவார் யாருமிலர். ஆதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூன்றாம் நாள், மேலே செல்லும் வண்டிக்காகக் கிழக்கு நிலையத்திற்குச் செல்கிறார். அதன் மண்டபத்தில் மிகப் பெரிய ஓவியம் ஒன்று உள்ளது. 1914 ஆகஸ்டு மாதத்தில், இதே நிலையத்திலிருந்து போர்முனைக்கு வீரர்கள் புறப்பட்ட காட்சியை அது காட்டுகிறது. மனைவியர் கணவரைத் தழுவுகின்றனர். தாயர் கண்ணீர் வடிக்கின்றனர். நடுவே இளைஞன் ஒருவன், துப்பாக்கிக் குழலில் மலர் செருகி, இரு கைகளையும் உயர்த்தி ஆரவாரம் செய்கிறான். வலப்புறத்தில் மலர்க்கொத்துடன் முதியவர் ஒருவர் நிற்கிறார்.

இதனை வரைந்தவர் ஆல்பர்ட் ஹெர்ட்டர் என்னும் அமெரிக்கர். அவருடைய மகன் எவரிட் 1918-இல் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் உயிர் துறந்தான். மகனின் நினைவாகத் தந்தை இவ்வோவியத்தை வரைந்து 1926-இல் பிரான்சுக்கு அளித்தார். நடுவில் நிற்கும் இளைஞன் அம்மகனே என்றும், மலர்க்கொத்து ஏந்தியவர் அத்தந்தையே என்றும் கூறுவர். ஓவியத்தின் கீழே மக்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு விரைகின்றனர். அவசரமில்லாத நம் பயணியோ ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறுகிறார்.

அவ்வண்டி மணிக்கு 320 கிலோமீட்டர் விரைவில் ஓடி, இரண்டு மணி நேரத்திற்குள் ஸ்ட்ராஸ்பர்க் நகரை அடைகிறது. (இன்னும் பலர் இதனைப் புகைவண்டி என்கின்றனர். புகை போய் நெடுநாள் ஆயிற்று, பெயர் போகவில்லை.) அந்நகரின் பேராலயம் இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆனது. அதன் கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. முகப்பின் மறுபக்கத்தில் எழவேண்டிய இரண்டாம் கோபுரம் கட்டப்படவே இல்லை. அக்குறையே அதற்கு ஒரு தனி அழகாகிவிட்டது.

பிரான்சிடம் இருந்த அந்நகர் 1871-இல் ஜெர்மனிக்குச் சென்றது. 1918-இல் பிரான்சிடம் மீண்டது. 1940-இல் மறுபடியும் ஜெர்மானியர் கைக்குப் போய், 1944-இல் விடுதலை பெற்றது. அங்கே பிறந்து நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். குடியரசுச் சதுக்கத்தில் 1936-இல் நிறுவிய கற்சிலை ஒன்று உள்ளது. தாய் ஒருத்தி இறக்கும் தறுவாயில் உள்ள தன் இரு மக்களைத் தாங்கி அமர்ந்திருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவர்கள். எவன் எந்த நாட்டான் என்று கண்டறிய இயலாது. ஏனெனில் சிற்பி அவர்களுக்குச் சீருடை அணிவிக்கவில்லை. மாலையில் பயணி டிராம் வண்டி ஏறி ரைன் ஆற்றைக் கடக்கிறார். 2017 முதல் அந்நகர வண்டியே ஆற்றின் அக்கரையில் உள்ள ஜெர்மானிய ஊராகிய கேல் வரை செல்கிறது. அதில் பலர் கடைக்குப் போகும் பையோடு அமர்ந்திருக்கின்றனர்.

அடுத்த நாள் பாசெல் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் புகுகிறார். ஆல்ப்ஸ் மலையைக் கடக்க இப்போது இரண்டு வழிகள் உள்ளன. 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் நீளமுள்ள அடிவாரச் சுரங்கத்தில் விரைவு வண்டிகள் செல்கின்றன. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பயணி பழைய வழியில் மெல்லச் செல்லும் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். வாசென் என்னும் சிற்றூரின் வெண்ணிறக் கோயில் முதலில் மேலே தெரிகிறது. வண்டி மலைக்குள் சுழன்று வந்தபின் எதிரே தெரிகிறது. மீண்டும் சுழன்றதும் கீழே பொம்மைபோல் தெரிகிறது. கோயில் இருந்த இடத்திலேயே இருக்க, இருப்புப்பாதைதான் படிப்படியாக மேலேறுகிறது.

அதன்பின் வருவது 1882-இல் திறக்கப்பட்ட கோத்தார்ட் சுரங்கம். நீளம் 15 கிலோமீட்டர். பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர்களே அதனைக் குடைந்தனர். வெப்பத்திலும் வெடிப்புகையிலும் நோயிலும் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். பணியை ஏற்ற லூயி பாவ்ர் 1879-இல் அச்சுரங்கத்துள்ளேயே உயிர்விட்டார். மறு ஆண்டு இருபுறத்தாரும் துளையிட்டுச் சந்தித்தபோது, அவருடைய படத்தையே முதலில் அத்துளை வழியே அனுப்பினர். தெற்கு வாயிலாகிய அய்ரோலோவில் பயணி இறங்குகிறார். நிலையத்தருகே வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. இறந்த தோழனைத் தொழிலாளர்கள் தூக்கிச் செல்கின்றனர். சுவிட்சர்லாந்துச் சிற்பி வின்சென்சோ வேலா, சுரங்கம் திறந்த ஆண்டில் செய்த உருவத்தின் வார்ப்பு அது. எவரும் கேளாமல், தாமாகவே அவர் அதனைச் செய்தார்.

மிலானில் பளிங்குப் பேராலயத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகளை எண்ணத் தொடங்கிக் கைவிட்டு, பயணி கடைசி வண்டியைப் பிடிக்கிறார். மாலையில் நிலம் முடிந்து கடற்கழி தொடங்குகிறது. 1846-இல் கட்டப்பட்ட நீண்ட பாலத்தின்மேல் வண்டி ஊர்கிறது, இருபுறமும் தண்ணீர். வெனிஸ் நிலையத்தின் படிகளில் இறங்கினால் கீழே தெரு இல்லை, பெருங்கால்வாயே உள்ளது. கரையில் பேருந்தைப் போல் ஒரு படகு நிற்கிறது. பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறுகிறார்.