சாவி கைக்கு வந்த பிறகு: முதல் வீட்டின் முதல் ஆண்டுப் பாடங்கள்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது முன்னோர் மொழி. ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்வதில் உள்ள பாடு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் பால் காய்ச்சிக் குடிபுகுந்த மறுநாள் முதல் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்பழமொழி சொல்வதில்லை. இவ்விதழில் நாம் பாடமாக எடுத்துக்கொள்வது அந்தச் சொல்லப்படாத பகுதியைத்தான்.

வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டு உரிமையாளருக்குச் சொல்லியனுப்புவோம். சொத்து வரி எவ்வளவு, அதை எப்போது கட்டுவது என்பன நம் கவலையாக இருந்ததில்லை. இடம் ஒத்துவராவிட்டால் இரண்டொரு மாத முன்னறிவிப்புடன் வேறு வீடு பார்த்துக்கொள்வோம். சொந்த வீட்டில் இம்மூன்றும் மாறிவிடுகின்றன. பழுது, வரி, கடன் ஆகிய மூன்றும் நம் பெயருக்கே வந்து சேர்கின்றன. இந்த மாற்றத்திற்கு மனம் பழகுவதற்கும், வரவு செலவு பழகுவதற்கும் ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது.

எங்கள் கிளைகளில் பலமுறை நாங்கள் காணும் நிலைமையை ஒரு குடும்பத்தின் வடிவில் வைத்துக்கொள்வோம். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் கணவனும் மனைவியும் 40 இலட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். கடன் 30 இலட்சம். எஞ்சிய 10 இலட்சமும், முத்திரைத் தீர்வையும், பதிவுக் கட்டணமும், சமையலறை அலமாரிகளும் சேர்ந்து அவர்களது சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. ஏப்ரலில் குடிபுகுகிறார்கள். ஜூனில் மழை பிடிக்கிறது. ஜூலையில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது. பழுதுபார்க்கக் கையில் பணமில்லை. கடன் அட்டையை எடுக்கிறார்கள். இந்த இடத்திலிருந்து நம் பாடம் தொடங்குகிறது.

1. வீட்டின் உண்மையான மாதச் செலவு

30 இலட்சம் ரூபாய்க் கடனை, ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால் மாதத் தவணை 26,035 ரூபாய் ஆகும். பெரும்பாலோர் இத்தொகையையே வீட்டுச் செலவாக மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அது முழுக் கணக்கன்று. நம் குடும்பத்தின் கணக்கை விரித்து எழுதிப் பார்ப்போம். சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் 3,500, சொத்து வரிக்கு மாதந்தோறும் ஒதுக்க வேண்டியது 800, காப்பீட்டுக்கு 200, பழுதுநிதிக்கு 2,500 என்று கொண்டால், தவணையுடன் சேர்த்து மாதச் செலவு 33,035 ரூபாயாகிறது. அதாவது தவணைக்கு மேலும் 7,000 ரூபாய். ஊருக்கு ஊர் இத்தொகை வேறுபடும். ஆயினும் இவற்றில் எந்த வரியையும் பூச்சியமாக விடுதல் கூடாது.

பழுதுநிதி என்பது செலவழியாத மாதத்திலும் ஒதுக்கப்பட வேண்டிய தொகை. வண்ணம் பூசுதல், நீர்ப்புகாப் பூச்சு, மோட்டார் மாற்றுதல் போன்றவை மாதந்தோறும் வருவன அல்ல. வரும்போது மொத்தமாக வருபவை. இதற்கெனத் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டால், அப்பணம் அன்றாடச் செலவில் கரைந்து போகாது.

2. தவணைக்குள் இருக்கும் இரு பகுதிகள்

மேற்கண்ட கடனில் முதல் மாதத் தவணையான 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. நிலுவை குறையக் குறைய வட்டியின் பங்கு சுருங்கி, அசலின் பங்கு வளரும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆற்றல் மிகுதி. முதலாண்டின் இறுதியில் ஒரே ஒரு முறை 1 இலட்சம் ரூபாய் அசலில் செலுத்தி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடன் ஏறத்தாழ 18 மாதங்கள் முன்னதாக முடிகிறது. தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டுள்ளது.

வட்டி ஏறும்போது நிகழ்வதையும் அறிந்திருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி திருத்தப்படும். நம் எடுத்துக்காட்டில் வட்டி தொடக்கத்திலேயே 9.5 விழுக்காடாக உயர்ந்து, தவணை மட்டும் மாறாதிருந்தால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் சுமார் 309 மாதங்களுக்கு நீளும். காலத்தை மாற்றாமல் தவணையை உயர்த்தினாலோ மாதத்திற்கு ஏறத்தாழ 1,930 ரூபாய் கூடுதலாகும். எவ்வழி வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. வட்டி திருத்தத்தின்போது தவணையைக் கூட்டுவது, காலத்தை நீட்டுவது, இரண்டையும் கலந்து செய்வது ஆகிய வாய்ப்புகளை அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வட்டி மாற்றம் பற்றிய குறுஞ்செய்தி வந்தால் அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். கிளைக்கு வந்து புதிய தவணைப் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள்.

வருமான வரியையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய வரிமுறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை கழிவு பெறலாம். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு இல்லை. எம்முறை இலாபம் என்பதை ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

3. முதலில் இருப்பு, பிறகே முன்னடைவு

கடனை விரைவில் அடைக்கும் ஆர்வம் நல்லதே. ஆயினும் கையிருப்பு இல்லாத நிலையில் முன்னடைவு செய்வது ஆபத்து. நம் குடும்பம் ஓதத்தைச் சரிசெய்யக் கடன் அட்டையை நாடியதை நினைவுகொள்வோம். அட்டையின் நிலுவைக்கு விதிக்கப்படும் வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காட்டையும் தாண்டுவது உண்டு. 8.5 விழுக்காட்டுக் கடனை அடைக்க இருந்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, 36 விழுக்காட்டில் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

எனவே முதலாண்டின் இலக்கு ஒன்றே. ஆறு மாத வீட்டுச் செலவுக்கு ஈடான தொகையை, நினைத்தவுடன் எடுக்கத்தக்க வைப்பில் சேர்த்துவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். அது நிறைந்த பிறகு மிகுவதைக் கடனில் செலுத்தலாம்.

4. தாள்களைப் பேணுதல்

கிரயப் பத்திரத்தின் மூலம் வங்கியில் இருக்கும். அதன் சான்றளிக்கப்பட்ட நகலொன்று வீட்டில் இருக்க வேண்டும். வங்கியில் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலைக் கையொப்பத்துடன் பெற்று அதனுடன் வையுங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூல ஆவணங்கள் திரும்பத் தரப்பட வேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இவ்விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நகராட்சிப் பதிவேட்டிலும் வருவாய்ப் பதிவேட்டிலும் பெயர் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா மாற்றம், கர்நாடகத்தில் காத்தா, வட மாநிலங்களில் தாகில் காரிஜ் என்று பெயர் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. பெயர் மாற்றம் மட்டும் உரிமையைத் தந்துவிடாது. ஆனால் அது விடுபட்டால் வரி விதிப்பிலும், பின்னாளில் விற்பனையிலும் சிக்கல் எழும். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஆகியவற்றிலும் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. கட்டடத்தின் உடல்நலம்

வீட்டிற்கு முதற்பகை நீர். கான்கிரீட்டுக்குள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால் கான்கிரீட் வெடித்துக் காரை பெயரும். வெடிப்பின் வழியே மேலும் நீர் புகும். உப்புக்காற்று வீசும் கடலோர நகரங்களில் இது விரைந்து நிகழும். ஆகவே ஓதத்தின்மேல் வண்ணம் பூசி மறைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. நீர் வரும் வழியைக் கண்டு அடைத்து, சுவர் காய்ந்த பிறகே பூச்சும் வண்ணமும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மொட்டைமாடி வடிகுழாய்களில் குப்பையை அகற்றுதல், சன்னல் விளிம்புகளையும் குளியலறைத் தரை இணைப்புகளையும் பார்த்தல், நீர்த்தொட்டியைக் கழுவுதல் ஆகியன அவை. மின்கசிவு நேர்ந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு இணைப்பின் ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே, குடிநீரை நிறுத்தும் வால்வு எங்கே என்பது வீட்டில் உள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

6. பழுதுக்கு யார் பொறுப்பு?

அடுக்குமாடியில் எல்லாப் பழுதும் நம் தலையில் விழுவதில்லை. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, மொட்டைமாடி, வெளிச்சுவர் வழியாக வரும் மழைநீர்க் கசிவைச் சங்கம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் கசிவோ உரிய உறுப்பினர்களின் பொறுப்பு. மேலும், 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். நம் குடும்பம் கடன் அட்டையை எடுக்குமுன் செய்திருக்க வேண்டியது, ஓதத்தைப் படமெடுத்து, தேதியிட்ட கடிதத்தைச் சங்கத்திற்கும் கட்டியவருக்கும் அனுப்புவதே. வாய்மொழி முறையீடு எவ்வளவு உண்மையானாலும் பின்னாளில் சான்றாக நிற்பது அரிது.

சங்கத்தின் பொதுக்குழுவிற்குச் செல்வதும் உரிமையாளரின் கடமைகளுள் ஒன்று. நம் பணம் எங்கே செலவாகிறது என்பது அங்கேதான் முடிவாகிறது.

7. காப்பீடு இரண்டு

வீட்டுக்கு ஒன்று, வருவாய் ஈட்டுவோருக்கு ஒன்று. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலியவற்றுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படுகிறது. இதில் நிலத்தின் விலை சேராது. மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவே காப்பீட்டுத் தொகை. ஆனால் பராமரிப்பின்மையால் மெல்ல வந்த தேய்மானத்திற்கு இழப்பீடு எதிர்பார்க்க இயலாது. டெர்ம் பாலிசி எனப்படும் கால வரையறை ஆயுள் காப்பீடு, கடன் நிலுவைக்குக் குறையாத தொகைக்கு இருக்க வேண்டும். ஈட்டுபவர் இல்லாமற்போன வீட்டில் எஞ்சியோர் கடனோடு போராடும்படி விடலாகாது.

8. தவணை தவறும் போலிருந்தால்

வேலை இழப்பு, நோய் போன்றவை எவருக்கும் வரலாம். அப்போது பலரும் வங்கியைத் தவிர்க்கிறார்கள், அழைத்தாலும் எடுப்பதில்லை. கூச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரக்கூடும். கடன் மதிப்பெண்ணும் சரியும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்கு வந்து நிலைமையைச் சொன்னால், ஆராய்வதற்குச் சில வழிகளேனும் இருக்கும். தாமதிக்கத் தாமதிக்க அவ்வழிகள் குறையும்.

இவ்வாரப் பயிற்சி

ஒரு குறிப்பேட்டை எடுத்து ஐந்து பக்கங்களுக்குத் தலைப்பிடுங்கள்: மாதச் செலவு, கடன் நிலுவை, ஆவணங்கள், பழுதுகள், காப்பீடு. கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு, அவர் இல்லாத நாளில் யாருக்கும் தெரியாத கணக்காகிவிடும்.

நம் குடும்பத்திற்குத் திரும்புவோம். அட்டைக் கடனை முதலில் அடைத்து, மாதம் 2,500 ரூபாய் பழுதுநிதியைத் தொடங்கி, சங்கத்திற்குக் கடிதம் எழுதியிருந்தால், அடுத்த ஜூனுக்குள் வெளிச்சுவர்ப் பூச்சு முடிந்திருக்கும். கையிலும் ஏறத்தாழ 25,000 ரூபாய் இருக்கும். மழை முன்போலவே பெய்யும். ஆனால் இம்முறை அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டியதில்லை.