பேரிடர்க் காலத்துக் கல்வியும் பஞ்சாயத்தின் கடமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

புயலோ வெள்ளமோ வந்து சென்ற ஊரில் மூன்று வினாக்கள் உடனே எழுகின்றன. உண்ண உணவு உண்டா? தங்க இடம் உண்டா? நோயுற்றோர்க்கு மருந்து உண்டா? இவை உயிரைக் காக்கும் வினாக்கள். இவற்றிற்கு முதலிடம் தருவதே முறை. நான்காவது வினா ஒன்றும் உண்டு. குழந்தைகளுக்குப் பள்ளி எப்போது என்பதே அது. பெரும்பாலான ஊர்களில் இவ்வினா பல நாட்கள் கழித்தே கேட்கப்படுகிறது. பஞ்சாயத்து இதனை முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும் என்பதையும், கேட்டபின் செய்ய வேண்டுவன யாவை என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு ஒரு மாதம் பள்ளி இல்லையெனில் ஒரு மாதப் பாடமே நட்டம். கூலி வேலை செய்து பிழைக்கும் வீட்டில் நிலைமை வேறு. விழுந்த மரங்களை வெட்டி அகற்றும் வேலைக்குத் தந்தையுடன் மகனும் செல்கிறான். முதல் நாள் துணைக்குச் சென்றவன் பத்தாம் நாள் கூலி வாங்குகிறான். தாய் நிவாரணப் பொருளுக்காக வரிசையில் நிற்க, மூத்த மகள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். வயது வந்த பெண்ணை முகாமில் வைத்திருக்க அஞ்சி, அவசரமாகத் திருமணம் பேசும் குடும்பங்களும் உண்டு. பள்ளி திறக்கும் நாளில் இக்குழந்தைகள் வேறு கடமைகளில் கட்டுண்டு கிடக்கின்றனர். வீட்டை மீண்டும் கட்டிவிடலாம். விட்டுப்போன படிப்பை மீண்டும் தொடங்குவது அதனினும் கடினம் என்பது நம் அனுபவம்.

நம் மாநிலம் கண்ட படிப்பினைகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு சென்றது. கடற்கரைப் பள்ளிகள் பல இடிந்தன. தற்காலிகக் குடியிருப்புகளின் தார் அட்டைக் கூரைகளின் கீழ்ப் பகல் வெப்பம் தாங்கவொண்ணாததாக இருந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென அரசு காப்பகங்களை ஏற்படுத்தியது. அவ்வாண்டே ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நினைக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அவசரத்திற் போடும் பந்தலேயாயினும் குழந்தைகள் அமரும் இடத்திற்குக் கீற்றுக்கூரை ஆகாது.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கிய முகாம்களின் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. அக்குழந்தைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளிற் சேர்க்கப்பட்டு, உள்ளூர்க் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றனர். வந்தவர்க்கெனத் தனிப் பள்ளி வைப்பதினும், இருக்கும் பள்ளியில் இடம் விரித்துக் கொடுப்பது செலவிற் குறைவு. இரு சாரார்க்கும் இடையே உறவை வளர்ப்பதும் அதுவே.

பேரிடர், போர் ஆகியவற்றிற் சிக்கிய குழந்தைகளின் கல்விக்கெனப் பல நாட்டு அமைப்புகள் கூடி 2004ஆம் ஆண்டில் குறைந்தபட்ச நெறிகளை வகுத்தன. அவை 2010லும் 2024லும் திருத்தப்பெற்றன. அந்நெறிகளுக்கு அடிப்படையாக வைக்கப்பட்டவற்றுள் ஒன்று ஊராரின் பங்கேற்பு. வெளியிலிருந்து வருவோர் சில வாரங்களிற் சென்றுவிடுவர்; ஊரார் என்றும் இருப்பர். பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இப்பாடம் எழுதப்படுவதன் காரணம் இதுவே.

நாம் செய்த ஒரு பிழை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது. அப்போது நாம் கடலோர ஒன்றியம் ஒன்றிற் பணியாற்றிக் கொண்டிருந்தோம். தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன, பள்ளிக் கட்டடத்தில் மக்கள் தங்கியிருந்தனர். எட்டாம் நாளன்று சமுதாயக் கூடத்தில் வகுப்பைத் தொடங்கினோம். பள்ளிப் பதிவேட்டையும் குடும்ப அட்டைப் பட்டியலையும் ஒப்பிட்டுக் குழந்தைகளின் பெயர்களை எழுதினோம். பத்தில் ஒன்பது பேர் வந்தனர். மேலிடத்திற்கு மனநிறைவோடு அறிக்கை அனுப்பினோம்.

மேலும் நான்கு நாட்கள் கழிந்தன. சத்துணவு அமைப்பாளரான அம்மையார் எம்மிடம் வந்து, “ஐயா, சாப்பாட்டு நேரத்திலே சில பிள்ளைகள் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். நான் கூப்பிட்டால் ஓடிவிடுகிறார்கள்” என்றார். மறுநாள் காலை அவரோடு ஊர் எல்லைக்குச் சென்றோம். வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் பூம்பூம் மாட்டுக்காரர் குடும்பங்கள் சில, கிழிந்த தார்ப்பாய்களின் கீழ் இருந்தன. பதினொரு குழந்தைகள். அவர்களுட் பெரும்பாலோர் பள்ளியிற் சேர்ந்ததில்லை. ஆகையாற் பதிவேட்டில் இல்லை. குடும்ப அட்டை இல்லாமையால் அடுத்த பட்டியலிலும் இல்லை. முகாமிற்கு வரவேண்டாமென அவர்களை எவரும் தடுக்கவில்லை, எவரும் அழைக்கவுமில்லை.

இரண்டாம் வகுப்புவரை படித்திருந்த ஒரு சிறுமி, “பேர் எழுதினால்தான் சோறு போடுவீங்களா?” என்று கேட்டாள். நாம் அமர்ந்து பதினொரு பெயர்களையும் எழுதினோம். ஒன்பது பேர் மறுநாள் வகுப்புக்கு வந்தனர். எஞ்சிய இரு சிறுவர்களும் இரண்டு நாட்களுக்கு முன்பே உறவினர் ஒருவரோடு வேலை தேடி வெளியூர் சென்றிருந்தனர். ஒருவன் பொங்கலுக்குப் பின் திரும்பினான். மற்றவன் நாம் அவ்வொன்றியத்தை விட்டு மாறும்வரை வரவில்லை. அவனுக்கென எழுதிய வரியில் வருகைக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன.

பட்டியலை எழுதியவர்கள் நாம். ஆகையாற் பிழை நம்முடையது. காகிதத்திலிருந்து காகிதத்திற்குப் பெயர்களை மாற்றினோம். நடந்து சென்று எண்ணவில்லை. சாதாரண நாளில் எவர் கண்ணுக்கும் படாத குழந்தையே பேரிடர் நாளிலும் விடுபடுகிறது என்பதை அன்று கற்றோம்.

பஞ்சாயத்து செய்ய வேண்டிய ஆறு பணிகள்

1. பட்டியல்

மற்றெல்லாப் பணிகளுக்கும் தாய் இதுவே. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வார்டில் வீடு வீடாக நடந்து எண்ண வேண்டும். கூடாரம், சூளை, உப்பளம், தோப்பு, புறம்போக்கு ஆகிய இடங்களை முதலிற் பார்த்துவிட்டு, பின்னர்த் தெருவுக்கு வருவது நலம். பெயர், வயது, பெற்றோர் அல்லது காப்பாளர், படிக்கும் வகுப்பு, உடற்குறை ஏதேனும் உண்டா, குடும்பம் எந்த மாதங்களில் வெளியூர் செல்கிறது என்னும் ஆறு விவரங்கள் போதும். அரசுப் பள்ளியிற் பயிலும் குழந்தைக்குக் கல்வித் துறையின் மேலாண்மைத் தகவல் முறைமையில் ஓர் எண் இருக்கும். பள்ளிக்கே வராத குழந்தைக்கு அது இராது. ஆகையால் எண் இல்லாத பெயர்களைத் தனியே எழுதுக. ஆகஸ்டு 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில், எத்தனை குழந்தைகள் பள்ளிக்கு வெளியே உள்ளனர் என்பதைத் தெரிவித்து, விடுபட்டோர் உண்டா எனக் கேட்கலாம். பெயர்களைச் சபையிற் படிக்க வேண்டுவதில்லை. ஒரு படி பள்ளியிலும், மற்றொரு படி நீர் புகாத உறையிலிட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும்.

2. இடம்

பல ஊர்களிற் பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாகிறது. அது தவிர்க்கவியலாதது. எனினும், மக்களை எத்தனை நாட்களில் வேறிடத்திற்கு மாற்றுவது என்பதை முன்னரே முடிவு செய்யலாம். சமுதாயக் கூடம், திருமண மண்டபம், நூலகம், கோயில் மண்டபம் ஆகியவற்றுள் எது முகாம், எது வகுப்பு எனத் தீர்மானித்து வைப்பது நன்று. வகுப்பு நடக்கும் இடத்தருகே குடிநீரும், பெண் குழந்தைகளுக்குத் தாழிடக்கூடிய கழிப்பிடமும் இருத்தல் வேண்டும். அறுந்த மின்கம்பியும் மூடாத கிணறும் உள்ள வழியாகக் குழந்தைகளை நடக்க விடலாகாது.

3. ஆசிரியர்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களைப் பிற பணிகளுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. மக்கட்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே புயலுக்குப் பின் ஆசிரியர்களை நிவாரணப் பணியில் அமர்த்துவது சட்டத்திற்கு மாறானதன்று. ஆயினும் அரிசி மூட்டையை எண்ண ஆட்கள் பலர் கிடைப்பர். குழந்தையை அமர வைத்துப் பாடஞ் சொல்ல ஆசிரியரே வேண்டும். அவர்களை விரைவில் விடுவிக்குமாறு பஞ்சாயத்துத் தீர்மானம் எழுதிக் கேட்கலாம். ஆசிரியரும் வீடிழந்தவராக இருக்கக்கூடும். அவருக்கும் சில நாட்கள் தேவை. அவ்விடைவெளியில் ஊரிலுள்ள படித்த இளைஞரும் மகளிரும் துணை நிற்கலாம். பெருந்தொற்றால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலரைக் கொண்டே மாலை வகுப்புகளை நடத்தியது என்பதை நினைவிற் கொள்க.

4. உணவும் அங்கன்வாடியும்

குழந்தையின் மதிய உணவை வகுப்பு நடக்கும் இடத்திலேயே பரிமாற வேண்டும். முகாம் சமையலும் பள்ளிச் சமையலும் ஒன்றாகிவிட்டாற் குழந்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும். அங்கன்வாடியும் அதே நாளில், அதே வளாகத்திலே திறக்கப்பட வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைகள் வகுப்புக்கு வருவது இதனைப் பொறுத்தது. நாம் அங்கன்வாடியைப் பக்கத்து அறையில் திறந்த அன்றே பெரிய பெண்கள் நால்வர் வகுப்பில் வந்து அமர்ந்தனர்.

5. சேர்க்கையும் பாடமும்

ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு வயதுச் சான்று இல்லையென்பதற்காகச் சேர்க்கையை மறுக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் தடையாகாது. வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இவை மூன்றும் மேற்கூறிய சட்டம் சொல்வன. முதல் இரண்டு வாரங்களிற் படம் வரைதல், கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றிற்கு மிகுந்த இடம் தருக. அஞ்சியிருக்கும் குழந்தை முதலிற் பேசத் தொடங்க வேண்டும். பாடம் பின்னர் ஏறும். மேல் வகுப்பு மாணவர்க்குச் சான்றிதழ்களே பெருங்கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இழந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அத்தகைய முகாமைத் தம் ஊருக்கும் கேட்டுப் பெறுவது அங்கத்தினர் கடமை.

6. காவலும் கணக்கும்

பேரிடர் ஊருக்கு நல்லோர் பலர் வருவர். அவர்களோடு வேறு நோக்கமுடையோரும் வரக்கூடும். பள்ளிக்கு வருவோரின் பெயரும் முகவரியும் ஏட்டிற் பதியப்பட வேண்டும். படிக்க வைக்கிறேன், வளர்க்கிறேன் என்று எவர் கேட்பினும் குழந்தையை ஒப்படைக்கும் அதிகாரம் ஊராருக்கு இல்லை. அதனை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவே ஆராயும். ஐயம் எழுந்தால் 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லலாம். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் பேசப்படுமாயின் அதே எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

கொடைப் பொருள்களுக்கும் ஏடு வேண்டும். எம் முகாமிற்கு நோட்டுப் புத்தகங்கள் மூன்று முறை வந்தன. பென்சில் ஒருமுறையும் வரவில்லை. தேவை இன்னதென்று பலகையில் எழுதி வைத்தபின் நிலைமை சீராயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவிற் பாதிப்பேர் மகளிர். வரவு செலவை வாரந்தோறும் அக்குழுவின் முன் படிப்பது சிறந்த முறை.

அங்கத்தினர் எழுப்பும் இரண்டு ஐயங்கள்

“ஊரே வீடிழந்து நிற்கையிற் பள்ளிக்கு என்ன அவசரம்?” என்று கேட்போர் உளர். குழந்தைகள் ஓரிடத்திற் பாதுகாப்பாக இருந்தாற்றான் பெற்றோர் வீட்டைச் சீர்செய்யச் செல்ல முடியும். பள்ளி மணி ஒலிக்கும் ஊரில் மக்களுக்கும் தெம்பு பிறக்கிறது. இதனை நாம் கண்ணாரக் கண்டோம்.

“அவர்கள் நம் ஊரார் அல்லரே” என்பது இரண்டாவது. சட்டம் குழந்தையின் ஊரைக் கேட்பதில்லை. பிழைப்புக்காக நம் ஊர்க் குடும்பங்களும் வெளியூர் செல்கின்றன. அங்கே நம் குழந்தையை எவ்வாறு நடத்த வேண்டுமென நாம் விரும்புகிறோமோ, அவ்வாறே இங்கு வந்த குழந்தையை நாம் நடத்துவோம்.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை கோலுவது உழவர் அறிந்த நெறி. குழந்தைகளின் கல்விக்கு அந்த அணை, ஊர் எல்லைவரை நடந்து எழுதிய ஒரு பட்டியல். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் இரண்டு மாலைப்பொழுதும் போதும். அங்கத்தினர்கள் வரும் மழைக்காலத்திற்கு முன்னரே இதனைச் செய்து முடிப்பார்களாக.

மன்றத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் பஞ்சாயத்தில் எப்பள்ளிப் பதிவேட்டிலும் இல்லாத குழந்தைகள் எத்தனை பேர்? அவர்கள் எங்கு வசிக்கின்றனர்?

2. பள்ளிக் கட்டடம் முகாமானால் வகுப்பு எங்கு நடக்கும்? அவ்விடத்தின் கூரை எத்தகையது?

3. ஆசிரியர் வர இயலாத நாட்களில் வகுப்பை ஏற்கக்கூடிய மூவர் யாவர்?

4. பட்டியலின் இரு படிகளும் யார் பொறுப்பில் இருக்கும்?